துண்டுத் துணியில் ஒரு பொறைமடல்

(தசலட்சண பர்வ நிறைவையொட்டி மகளிர்க்கும் மாணவர்க்கும் நடைபெற்ற கைவினைப் பயிற்சியின் தொடக்கத்தில் ஆற்றிய உரை)



வீட்டில் எஞ்சிக் கிடக்கும் துண்டுத் துணிகளைக் கொண்டு வாழ்த்து மடல் செய்வது எப்படி என்பது இன்றைய பயிற்சி. கத்தரியும் ஊசியும் எடுக்குமுன் சில சொல்ல வேண்டும் என்று அறக்கட்டளையினர் என்னைப் பணித்தார்கள். கைவினையைக் கற்றுத்தர இங்கே வல்லவர்கள் இருக்கிறார்கள். நான் தமிழ் படித்தவர்களுள் ஒருவர் என்ற முறையில், நாம் செய்யப்போகும் மடல் எத்தகைய மடல், அதை ஏன் துணியில் செய்கிறோம், அதில் என்ன எழுதப் போகிறோம் என்ற மூன்று செய்திகளைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறேன்.

பாத்ரபத மாதத்து வளர்பிறைப் பஞ்சமி தொடங்கிச் சதுர்த்தசி வரை பத்து நாள்கள் நாம் பத்து அறங்களைச் சிந்திக்கிறோம். பொறை, பணிவு, நேர்மை, தூய்மை, வாய்மை, அடக்கம், தவம், தியாகம், பற்றின்மை, பிரமசரியம் என்னும் அவ்வரிசையில் முதலில் நிற்பது உத்தம க்ஷமா எனப்படும் உயரிய பொறை. பத்து நாளும் கடந்தபின், பௌர்ணமிக்கு மறுநாள் ஒருவரையொருவர் பொறுத்தருள வேண்டுகிறோம். எந்த அறத்தில் தொடங்கினோமோ அந்த அறத்திலேயே வந்து முடிக்கிறோம். நடுவில் உள்ள ஒன்பது அறங்களும் அந்த ஒரு சொல்லை வாய்திறந்து சொல்வதற்கு நம்மை ஆயத்தப்படுத்துவன என்றுகூடக் கொள்ளலாம். ஆகவே நாம் இன்று செய்யவிருப்பது பிறந்தநாள் மடலன்று, புத்தாண்டு மடலுமன்று. அது பொறைமடல்.

பொறை வேண்டி மடல் எழுதுவது நமக்குப் புதிதன்று. மேலைநாட்டுச் சுவேதாம்பரச் சமணரிடையே விஞ்ஞப்தி பத்திரம் என்றொரு வழக்கம் இருந்தது. பர்யூஷண காலத்தில் ஓர் ஊர்ச் சங்கத்தார் தொலைவிலுள்ள ஆசாரியருக்குத் தம் குறைகளைப் பொறுத்தருள வேண்டியும், அடுத்த மழைக்காலத்தைத் தம் ஊரில் கழிக்க வேண்டுமென அழைத்தும் நீண்ட சுருளாக எழுதி, ஓவியங்களால் அணிசெய்து அனுப்புவார்கள். 1610ஆம் ஆண்டு ஆக்ரா சங்கத்தார் அனுப்பிய சுருள் இன்றும் புகழ்பெற்றது. பர்யூஷண நாள்களில் உயிர்க்கொலையைத் தடுத்து ஜஹாங்கீர் மன்னர் ஆணை வழங்கிய காட்சியைச் சாலிவாகனர் என்னும் ஓவியர் அதில் தீட்டியிருக்கிறார். மன்னர் அவையில் பணியாற்றிய கை, ஊரார் பொறை வேண்டிய மடலுக்கும் வண்ணம் தந்தது.

நம் தமிழிலோ இதைவிட ஆழமான சான்று ஒன்று உண்டு. இளங்கோவடிகள் அருளிய சிலப்பதிகாரத்தில் மாதவி கோவலனுக்கு இருமுறை மடல் விடுக்கிறாள். கடற்கரையில் ஊடிப் பிரிந்தபின் எழுதிய முதல் மடல் மிக அழகானது. மலர்களைத் தொடுத்த மாலையின் நடுவே தாழை மடல். செம்பஞ்சுக் குழம்பில் தோய்ந்த பூமொட்டே எழுதுகோல். இளவேனிலும் திங்களும் தன்னை வருத்தும் செய்தியே பொருள். வசந்தமாலை அதைக் கொண்டுபோய் நீட்டினாள். கோவலன் வாங்க மறுத்தான்.

இரண்டாம் மடல் மண் இலச்சினை இட்ட எளிய ஓலை. கோவலன் ஊரைவிட்டுப் போனபின் கோசிகன் என்னும் அந்தணன் அதைச் சுமந்து சென்று மதுரைக்குப் போகும் வழியில் அவனைக் கண்டு கொடுக்கிறான். அதில் அலங்காரம் இல்லை. மூத்தோர்க்குச் செய்யும் பணியை விட்டும், குலமகளோடு இரவில் ஊரை நீங்கியும் செல்லும்படி தான் செய்த பிழை யாதென அறியாமல் கலங்குவதாகச் சொல்லி, தெளிவற்ற தன் சொற்களைப் பொறுக்குமாறு வேண்டுகிறாள். அந்த ஓலையைப் படித்த கோவலன், அவள்மேல் தவறில்லை, தவறு தன்மேல்தான் என்று உணர்கிறான். அதோடு நிற்கவில்லை. அந்தச் சொற்கள் தன் பெற்றோரிடம் தான் சொல்லவேண்டியவற்றிற்கும் பொருந்தியிருக்கக் கண்டு, அதே ஓலையை அவர்களிடம் சேர்ப்பிக்குமாறு கோசிகனிடமே திருப்பித் தருகிறான்.

மாணவர்களே, இந்த இரு மடல்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பூவும் வண்ணமும் மணமும் நிறைந்த மடலைக் கோவலன் தீண்டவே இல்லை. பொறை வேண்டிய மடலோ கொடுத்தவள் நினையாத இடத்திற்கும் பயணம் செய்தது. மகனுக்கும் பெற்றோர்க்கும் இடையே ஒரு சொல்லாயிற்று. இன்று நாம் மடலை அழகாகச் செய்யத்தான் போகிறோம். ஆனால் அழகு முதல் மடலோடு நின்றுவிடக் கூடாது. உள்ளே இருப்பது இரண்டாம் மடலாக இருக்க வேண்டும்.

இனி, ஏன் துணி என்ற வினாவுக்கு வருகிறேன். படம் என்ற சொல்லுக்கே துணி என்ற பொருள் உண்டு. துணியில் எழுதியது படம். பின்னர் எதில் எழுதினாலும் அது படமாயிற்று. கிழி என்ற சொல்லையும் எடுத்துக்கொள்ளுங்கள். கிழித்த துணி என்பது அதன் முதற்பொருள். பணத்தை முடிந்து கொடுத்தால் அது பொற்கிழி. மடலேறும் தலைவன் தலைவியின் உருவைத் தீட்டிக் கையில் ஏந்திய துணியும் கிழியே. நாம் குப்பை என ஒதுக்கும் துண்டுத் துணி, தமிழில் பரிசாகவும் தூதாகவும் இருந்திருக்கிறது. புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்தைப் பாடும் இளங்கோவடிகள், பட்டு, மயிர், பருத்தி நூல் ஆகியவற்றால் நெய்யும் காருகரைச் சொல்கிறார். தையல் தொழில்செய்யும் துன்னகாரரைச் சொல்கிறார். கிழியாலும் நெட்டியாலும் பலவகைக் கைவினைகளைச் செய்வோரையும் மறவாமல் சொல்கிறார். துண்டுத் துணியால் பொருள் செய்வோர்க்கு அப்பெருநகரில் ஓர் இடம் இருந்தது.

மற்றொரு காரணம் நம் அறத்தைச் சார்ந்தது. ஆடையையும் துறந்த முனிவர்களை வணங்கும் மரபினர் நாம். இல்லறத்தார்க்கு அத்துறவு விதிக்கப்படவில்லை; பொருளுக்கு எல்லை வகுக்கும் பரிக்கிரக பரிமாணமே விதிக்கப்பட்டிருக்கிறது. நம் அலமாரிகளைத் திறந்து பார்த்தால் அந்த எல்லை எங்கே என்று நமக்கே தெரியாது. தைத்து மீந்தது, சுருங்கிப்போனது, ஓரம் கிழிந்தது என்று மூட்டைகளாகக் கிடக்கின்றன. கட்டத் தகுந்த ஆடையைத் தேவைப்படுவோர்க்குக் கொடுத்துவிடுங்கள். மடல் செய்வதற்காக நல்ல சேலையை வெட்ட வேண்டா. எவருக்கும் கொடுக்க இயலாத துண்டுகளே நமக்குரியவை. மடலுக்கெனக் கடைக்குப் போய்ப் புதுத்துணி வாங்குவது இந்தப் பயிற்சியின் நோக்கத்தையே தோற்கடிப்பதாகும்.

மூட்டையை அவிழ்க்கும்போதே அறம் தொடங்கிவிடுகிறது. நெடுநாள் கட்டிவைத்த துணியில் சிலந்தியும் இராமபாணப் பூச்சியும் எறும்பும் குடியிருக்கும். பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும் விழிப்போடிருப்பதை ஆதான நிக்ஷேபண சமிதி என்று முனிவர்களுக்கு வகுத்தார்கள். அதில் ஒரு சிறு பங்கை நாமும் கைக்கொள்ளலாம். மூட்டையைத் திறந்த வெளிக்குக் கொண்டுபோய், நிழலில் விரித்து, மெல்ல உதறிச் சற்று நேரம் விட்டுவிட்டால் அவை தாமே அகன்றுவிடும். அதன்பின் துவைத்தல் நலம்.

அடுத்தது பட்டு. இதைப் பற்றி இங்கே இருவேறு கருத்துகள் இருப்பதை அறிவேன். பட்டுத் துண்டின் ஒளி மடலுக்கு அழகு தரும் என்பதும் உண்மையே. ஆயினும், ஒரு கிலோ பட்டு நூலுக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் வேண்டும். கூட்டுக்குள் உறங்கும் புழு வெளிவந்தால் இழை அறுபடும் என்பதால், வெந்நீரிலோ ஆவியிலோ அதைக் கொன்ற பிறகே நூல் எடுக்கப்படுகிறது. குடியரசுத் தலைவராயிருந்த ஆர். வெங்கட்ராமன் அவர்களின் துணைவியார் ஜானகி அம்மையார், புழுவைக் கொல்லாமல் நெய்த பட்டுப் புடவை கிடைக்குமா என்று வினவினார். ஆந்திரக் கைத்தறித் துறை அலுவலர் குசுமா ராஜய்யா அவர்களை அவ்வினா சிந்திக்க வைத்தது. அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்து வெளியேறிய பின்னர் எஞ்சியதை நூற்று நெய்யும் அகிம்சைப் பட்டு அவர் முயற்சியால் பரவியது. சமணர் அல்லாத ஓர் அம்மையார் கேட்ட வினா அது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முன்பே வீட்டிலிருக்கும் பழம் பட்டைத் தூக்கி எறிவதால் அந்த உயிர்கள் மீளப் போவதில்லை என்று சிலர் சொல்வர். அது சரியே, அதை வேறு எதற்கேனும் பயன்படுத்துங்கள். ஆனால் எல்லா உயிர்களிடமும் பொறை வேண்டும் ஒரு மடலின் முகப்பில், கொதிநீரில் மாண்ட உயிர்களின் இழையை ஒட்டுவது பொருந்துமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பொருந்தாது என்பதே என் கருத்து. பருத்தி போதும். கம்பளி, தோல், இறகு, முத்து, சிப்பி ஆகியவற்றையும் விலக்கிவிடுவோம்.

பசையிலும் கவனம் வேண்டும். தச்சர்கள் முன்னாளில் காய்ச்சிய வச்சிரம் விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. 1959இல் வந்த ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசைகள் செயற்கையானவை. அவை வந்தபின் வச்சிரத்தின் தேவை பெரிதும் குறைந்தது. வீட்டிலேயே செய்வதானால் மைதாப் பசையோ புளியங்கொட்டைப் பசையோ ஏற்றவை. பூச்சி அரிக்காதிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பது அச்சகத்தார் வழக்கம். அது நஞ்சு, நமக்கு வேண்டா. மாறாக, அன்றன்று தேவைப்படும் அளவே காய்ச்சுங்கள். இரவு கடந்த உணவை விலக்குவதற்கு நாம் சொல்லும் காரணம் இரவு கடந்த பசைக்கும் பொருந்தும். கைத்தாள் வாங்குவோர் அதற்கு ஜெலட்டின் பூசப்பட்டுள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். கைத்தாளும் பெரும்பாலும் பருத்திக் கழிவுத் துணியைக் கூழாக்கிச் செய்யப்படுவதே. அப்போது மடலின் அட்டையும் துணி, அதன்மேல் ஒட்டுவதும் துணி.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துவைத்த துணிக்குக் கஞ்சியிட்டு, காயவைத்து, இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள். கஞ்சியிட்ட துணி கத்தரிக்கு இணங்கும், நூல் பிரியாது. நேர்வாட்டில் வெட்டினால் ஓரம் பிசிறும். மூலைவாட்டில் வெட்டினால் பிசிறு குறையும். ஏ4 அளவுத் தடித்த தாளை இரண்டாக நறுக்கி, ஒரு பாதியை மடித்தால் ஏறத்தாழ 15 செ.மீ. உயரமும் 10 செ.மீ. அகலமும் உள்ள மடல் கிடைக்கும். இதற்கு ஒரு கணக்கு உண்டு. 300 ஜிஎஸ்எம் எடையுள்ள முழு ஏ4 தாளே 19 கிராமுக்கு அருகில் வரும். துணியும் உறையும் சேர்ந்தால் அஞ்சலின் முதற்படியான 20 கிராமைத் தாண்டிவிடும். பாதித் தாளானால் எல்லாம் சேர்ந்தும் அதற்குள் அடங்கும்.

பசையைத் துணியில் தடவாமல் அட்டையில் மெல்லியதாகத் தடவுங்கள். துணியில் தடவினால் மறுபக்கம் ஊறிக் கறைபடும். நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி விரலால் நீவி, ஓர் இரவு கனமான புத்தகங்களின் கீழ் வைத்தால் அட்டை வளையாது. ஓரத்தில் ஓட்டுத்தையல் இட விரும்புவோர், முதலில் அளவுகோலை வைத்து ஊசியால் துளைகளைக் குத்திக்கொண்டு, பிறகு நூலைக் கோத்தால் தாள் கிழியாது. தையல் தெரியும் உட்பக்கத்தில் வேறொரு தாளை ஒட்டிவிடலாம்.

உருவங்களைப் பற்றி ஒரு வேண்டுகோள். தீர்த்தங்கரர் திருவுருவத்தை மடலில் அமைக்க வேண்டா. எந்த மடலும் ஒருநாள் குப்பைக்குப் போகும். பகவான் திருவுரு அங்கே போகலாகாது. தாமரை, அசோகந்தளிர், விளக்கு, நிறைகுடம் என எத்தனையோ இருக்கின்றன. ஒன்றும் வரவில்லையெனில் இரண்டு நிறத் துண்டுகளை அருகருகே ஒட்டி நடுவே தையலிடுங்கள். பிரிந்த இரண்டைச் சேர்ப்பது தையல் என்பதைவிடப் பொறைமடலுக்கு வேறு ஓவியம் தேவையில்லை.

இப்போது இவ்வுரையின் கடினமான பகுதிக்கு வருகிறேன். இந்த மடல் யாருக்கு?

பர்வம் முடிந்த காலையில் நம் கைப்பேசிகள் ஓய்வதில்லை. உத்தம க்ஷமா என்றும் மிச்சாமி துக்கடம் என்றும் நூற்றுக்கணக்கான செய்திகள் வருகின்றன. வந்ததை அப்படியே நூறுபேருக்கு நாமும் அனுப்புகிறோம். என் தவறு பயனற்றுப் போகட்டும் என்பது மிச்சாமி துக்கடம் என்னும் பிராகிருதத் தொடரின் பொருள். எந்தத் தவறு என்று நினையாமலே அதைச் சொல்லிவிடுகிறோம். இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். அச்செய்திகள் அனைத்தும் நம்மோடு நல்லுறவில் இருப்பவர்க்கே போகின்றன. யாரிடம் உண்மையில் பேச வேண்டுமோ அவருடைய எண் நம் கைப்பேசியில் இருப்பதே இல்லை.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழகத்தில் வாழும் சமணர் தொகை 90,000ஐ எட்டவில்லை. அதிலும் வடபுலத்திலிருந்து வந்து குடியேறியோர் உண்டு. இத்துணைச் சிறிய சமூகத்தில் இரண்டு குடும்பங்கள் பகை கொண்டால், கொள்வினை கொடுப்பினை வழியே அது நாற்பது குடும்பங்களைத் தொடும். ஒரே ஜினாலயத்தில் ஒருவர் வலப்புறம் வந்தால் மற்றவர் இடப்புறம் போவதையும், திருமண அழைப்பில் ஒரு பெயர் விடுபட்டதற்காக இரு தலைமுறை பேசாதிருப்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். நாலடியார் பாடிய சமண முனிவர்கள் பொறையுடைமைக்குத் தனி அதிகாரம் வகுத்தார்கள். அதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாக விட்டுவிட்டு நாம் பகையைப் பாதுகாக்கிறோம்.

நானறிந்த ஒரு குடும்பத்துச் செய்தி. வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர். கிணற்றுப் பங்கினால் அண்ணனும் தம்பியும் ஒன்பது ஆண்டுகள் பேசவில்லை. தாயார் காலமானபின் அவருடைய நூற்சேலைகளைப் பங்கிட்டார்கள். நைந்துபோன ஒன்று மட்டும் தம்பி வீட்டில் தங்கிவிட்டது. தம்பி மனைவி அதில் ஒரு சாண் துணியை எடுத்து மடல் செய்தார். உள்ளே தம்பி தம் கையால் எழுதினார். ‘அம்மா படுத்திருந்தபோது நீ வந்த அன்று நான் கதவைத் திறக்கவில்லை. அது தவறு. பொறுத்துக்கொள்’ என்பதே செய்தி. கிணற்றைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இரண்டு மாதம் மறுமொழி வரவில்லை. பிறகு ஓர் அஞ்சலட்டை வந்தது. ‘மோட்டார் பழுதாகியிருக்கிறது. வந்தால் கிணற்றைப் பற்றியும் பேசலாம்’ என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான். இருவரும் கட்டித் தழுவிக்கொண்டதாக நான் கேள்விப்படவில்லை. பங்குத் தகராறு இன்னும் முழுதும் தீரவுமில்லை. ஆனால் இப்போது பேசுகிறார்கள்.

அந்த மடலிலிருந்து நாம் கற்கத்தக்கவை மூன்று. முதலாவது, தவறைப் பெயர் சொல்லி எழுதியது. தெரிந்தோ தெரியாமலோ என்று எழுதுவது எளிது. தெரிந்து செய்ததைத் தெரிந்தபடி எழுதுவதே க்ஷமை. இரண்டாவது, எதிரி செய்த தவற்றைக் குறிக்காதது. ‘நீ அப்படிச் செய்தாலும் நான் பொறுக்கிறேன்’ என்று எழுதினால் அது மடலன்று, வழக்கு மனு. மூன்றாவது, மறுமொழியை எதிர்பார்த்து நாள் எண்ணாதது. பொறை வேண்டுவது நம் கடமை; பொறுப்பது அவருடைய உரிமை. சினத்தால் கட்டிய வினையை நம் பக்கத்தில் நாம் தளர்த்துகிறோம். அவர் பக்கத்து முடிச்சு அவர் கையில் இருக்கிறது.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். மடலைப் பிள்ளைகள் செய்யட்டும். ஆனால் நமக்குரிய சொல்லை அவர்களைக் கொண்டு எழுதுவிக்காதீர்கள். பெரியவர்களின் பகைக்குக் குழந்தையின் கையெழுத்தைத் தூது அனுப்புவது முறையன்று. அவர்களுக்கும் பொறை வேண்ட ஆள் உண்டு. விளையாட்டில் தள்ளிவிட்ட தோழன் இருப்பான், மதியாமல் பேசிய பாட்டி இருப்பார். அவர்கள் மடலை அவர்கள் எழுதட்டும்.

இன்று ஒவ்வொருவருக்கும் இரண்டு அட்டைகள் தரப்படும். ஒன்றை உங்கள் அன்புக்குரிய எவருக்கேனும் அனுப்புங்கள், கை பழகும். மற்றொன்றின் உறைமேல் எழுத வேண்டிய பெயர் எது என்பது, நான் சொல்லாமலே இந்நேரம் உங்கள் நெஞ்சில் எழுந்திருக்கும். துணியைத் தேர்ந்து, வெட்டி, ஒட்டி, தைக்க ஒரு மணி நேரமாவது ஆகும். அந்த ஒரு மணி நேரமும் அவரை நினையாமல் இருக்க இயலாது. கைப்பேசியில் ஒரு நொடியில் அனுப்பும் செய்திக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுவே. முகவரி தெரியாவிட்டால் கேட்டறியுங்கள். கேட்பதற்கு நாணமாக இருக்கும். அந்த நாணத்தைக் கடப்பதும் பத்து அறங்களுள் இரண்டாவதாகிய பணிவே.

எல்லா உயிர்களும் இன்புற்றிருக்கட்டும். எவ்வுயிரிடத்தும் நமக்குப் பகை இல்லாதிருக்கட்டும்.  வளர்க ஜினதர்மம்!